மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தின் ஜெட் எஞ்சின்கள் 25 மணி நேரத்துக்குமேல் தாங்காமல் போனது ஏன்?

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பறக்கவிட்ட அந்த ஜெட் போர்விமானத்தில் இருந்த யூமோ 004 எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்ப்பதற்கு முன் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று குறிக்கப்பட்ட கால அளவே ஏறத்தாழ 25 மணி நேரம்தான். நடைமுறையில் பல எஞ்சின்கள் 10 மணி நேரம் ஓடுவதே பெரும்பாடாக இருந்தது. இதை மட்டும் பார்த்துவிட்டு வடிவமைப்பே மோசம் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. வடிவமைப்பில் இருந்த பெரிய குறைகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டுப் பெருமளவு சரிசெய்யப்பட்டன. சரிசெய்ய முடியாமல் போனது உலோகப் பற்றாக்குறை ஒன்றைத்தான்.

யுங்கர்ஸ் நிறுவனத்தில் அன்செல்ம் ஃபிரான்ஸ் தலைமையில் உருவான இந்த எஞ்சின் 1940 அக்டோபரில் முதன்முறையாக ஓடியது. விமானத்தின் உடல் பகுதி அதற்குள் வேகமாக வளர்ந்துவிட்டதால், 1941 ஏப்ரல் 18 அன்று அது ஜெட் எஞ்சினே இல்லாமல், மூக்கில் பொருத்திய ஒரு பிஸ்டன் எஞ்சினோடு பறந்தது. 1942 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் இரண்டு ஜெட் எஞ்சின்களைப் பொருத்திப் பறந்தபோது, இரண்டுமே நடுவானில் செயலிழந்தன. நல்லவேளையாக மூக்கிலிருந்த பிஸ்டன் எஞ்சின் கழற்றப்படாமல் இருந்ததால் விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் தரையிறங்க முடிந்தது. யூமோ 004 பொருத்தப்பட்டு, முழுக்க ஜெட் விசையில் அவர் பறந்தது 1942 ஜூலை 18 அன்று, லைப்ஹைம் விமானத்தளத்தில்.

அன்று பறந்தது 004ஏ வகை. வெப்பம் தாங்கும் நிக்கல், குரோமியம், கோபால்ட் போன்ற உலோகங்களைத் தாராளமாகப் பயன்படுத்திச் செய்யப்பட்ட அந்த எஞ்சினைப் போர்க்கால ஜெர்மனியில் ஆயிரக்கணக்கில் தயாரிக்க வழியே இல்லை. ஆகவே 004பி வகையில் எரியறைகள் சாதாரண மென்எஃகால் செய்யப்பட்டு, அரிப்பைத் தடுக்க அலுமினியப் பூச்சு மட்டும் தரப்பட்டது. சூடான வாயுவின் வேகத்தால் சுழலும் டர்பைனின் பிளேடுகளுக்கு நிக்கல் கலந்த டினிடூர் என்ற கலப்புலோகத்துக்குப் பதிலாக, குரோமியமும் மாங்கனீசும் கலந்த குரோமாடூர் என்ற எஃகைக் கொண்டுவந்தார்கள். வலிமையில் அது ஒரு படி கீழேதான். ஆனால் அதன் தகட்டை மடித்துப் பற்றவைக்க முடிந்ததால், பிளேடை உள்ளீடற்றதாகச் செய்து, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரிலிருந்து எடுத்த காற்றை அதனுள் செலுத்திக் குளிர்விக்க முடிந்தது. கையில் இருந்த மட்டமான உலோகத்தைக் கொண்டே இயங்கும் எஞ்சினைச் செய்த இந்த இடத்தில்தான் ஃபிரான்ஸ் குழுவின் திறமை வெளிப்படுகிறது என்பது என் கருத்து. ஆயினும் செந்தணலாகக் காய்ந்த நிலையில் சுழன்றுகொண்டே இருக்கும் பிளேடு, மையவிலக்கு விசையால் சிறிது சிறிதாக நீண்டு, ஒரு கட்டத்தில் அறுந்துபோவதை எந்தக் குளிர்விப்பும் முழுமையாகத் தடுக்கவில்லை.

1943-இல் பிளேடுகள் வேறொரு காரணத்தாலும் முறியத் தொடங்கின. எஞ்சினில் ஆறு எரியறைகள் வட்டமாக அமைந்திருந்தன. ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றுக்கு ஆறு முறை சூடான வாயுவின் தள்ளலை வாங்கியது. நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் அது விநாடிக்கு 900 தள்ளல். பிளேடின் இயல்பான அதிர்வெண்ணும் அதுவும் ஒத்துப்போனதால் அதிர்வு பெருகிப் பிளேடு முறிந்தது. டர்பைனுக்குப் பின்னால் இருந்த மூன்று தாங்குகால்களும் இதற்குத் துணைபோயின. 004ஏ வகையில் தலைகாட்டாத இந்தச் சிக்கல், 004பி வகையில் வெப்பமும் வேகமும் கூடியதால் வெளிப்பட்டது. பிளேடுகளின் அதிர்வெண்ணை அறிய, சுருதி பிசகாத காது கொண்ட ஓர் இசைக்கலைஞரை அழைத்துவந்து, வயலின் வில்லால் பிளேடுகளை வருடச் செய்தார்கள் என்று ஃபிரான்ஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் பென்டலே என்ற பொறியாளர் மூலகாரணத்தை விளக்கியபின், பிளேடின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைத்து, நுனியை நோக்கி மேலும் மெலிதாக்கி, உச்ச வேகத்தையும் 8,700 சுற்றாகக் குறைத்தார்கள்.

இவற்றோடு விமானியின் கையும் சேர்ந்துகொண்டது. விசைப்பிடியைச் சட்டென்று முன்னே தள்ளினால், கம்ப்ரசர் வேகம் பிடித்துப் போதிய காற்றைத் தருவதற்குள் எரிபொருள் அதிகமாகப் பாய்ந்து பிளேடுகள் அளவுமீறிச் சூடாகும். இல்லையேல் எஞ்சின் அணைந்துவிடும். போதிய பயிற்சியின்றிப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட விமானிகளிடம் இந்த எஞ்சின்கள் விரைவில் பாழானதில் வியப்பில்லை.

அதே காலத்தில் பிரிட்டனின் மீட்டியார் விமானத்தில் இருந்த வெல்லண்ட் எஞ்சின், பழுதுபார்ப்புகளுக்கு இடையே 180 மணி நேரம் ஓட அனுமதிக்கப்பட்டது. உந்துவிசையில் அது யூமோவைவிடக் குறைவு; கம்ப்ரசரும் எளிமையான மையவிலக்கு வகை. எனினும் வேறுபாட்டின் பெரும்பகுதி உலோகத்தில்தான் இருந்தது. பிரிட்டனுக்குக் கனடாவின் நிக்கல் தடையின்றிக் கிடைத்தது. ஜெர்மனி பெரிதும் நம்பியிருந்ததோ பின்லாந்தின் பெட்சமோ சுரங்கத்தை; 1944 இலையுதிர்காலத்தில் அதுவும் கைவிட்டுப்போயிற்று.

இந்த விமானத்தைக் குண்டுவீச்சுக்குப் பயன்படுத்தச் சொன்ன ஹிட்லரின் ஆணைதான் அதன் வருகையைத் தாமதப்படுத்தியது என்ற பேச்சும் உண்டு. அந்த ஆணை கடுமையாக வலியுறுத்தப்பட்ட 1944 மே மாதத்தில், தொடர்ந்து தயாரிக்கத்தக்க நிலையை எஞ்சின் இன்னும் முழுமையாக எட்டவில்லை என்பதால், அது முதன்மைக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

போருக்குப்பின் அமெரிக்கா சென்ற ஃபிரான்ஸ், லைக்கமிங் நிறுவனத்தில் டி53, டி55 எஞ்சின்களை உருவாக்கினார். முன்னது ஹுயி ஹெலிகாப்டரிலும் பின்னது சினூக் ஹெலிகாப்டரிலும் பொருத்தப்பட்டன. தேவையான உலோகம் கிடைத்த இடத்தில் அவர் கைவண்ணத்தின் தரத்தை இவற்றைக் கொண்டு மதிப்பிடலாம்.