புல்லில் காசுப் புள்ளி: மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரை ஏக்கரில் புல்தரைக்கான கிக்குயு புல் வளர்த்து, பங்களாக்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் வேர்மண்ணோடு பத்தையாக வெட்டி விற்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து புல் வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்ன வட்டமாகக் காய்கிறது. விடியற்காலையில் அந்த இடத்தில் வெள்ளை நூலிழை ஓடியிருக்கிறது. கார்பென்டாசிம் என்கிற பூஞ்சாண மருந்தை மூன்று தடவை அடித்தும் நிற்கவில்லை. அளவை இரண்டு மடங்காக்கலாமா?

பதில்: கூடாது. நோய்க்கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் இரண்டு மடங்கு என்ன, நான்கு மடங்கு ஊற்றினாலும் அசையாது. காசு போவது ஒருபுறம், உங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கும் ஊற்றிலும் தேயிலையிலும் மருந்து போய்ச் சேரும்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். வட்டத்தின் நடுவில் செத்த புல்லைப் பார்க்காமல், ஓரத்தில் பாதி பச்சையாக இருக்கும் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இலையின் குறுக்கே வெளிறிய பட்டையும், அதன் இரு எல்லையிலும் செம்பழுப்புக் கோடும், நடுவில் உடுக்கை போல ஒடுங்கலும் தெரிந்தால் அது டாலர் ஸ்பாட் என்கிற காசுப் புள்ளி நோய்தான். கையால் இழுத்ததும் புல் பாயாகப் பெயர்ந்து வந்தால் அது வேர்ப்புழு. அதற்குப் பூஞ்சாண மருந்து வீண். நீங்கள் சொல்லும் வெள்ளை இழையை வைத்துப் பார்த்தால் காசுப் புள்ளி என்றே படுகிறது. சந்தேகம் இருந்தால் ஓரத்தோடு ஒரு பத்தையை வெட்டிக் குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் மையத்தில் காட்டுங்கள்.

இந்த நோய் பசித்த புல்லைத்தான் அதிகம் தாக்கும். பத்தை வெட்டி விற்கும் நிலத்தில் ஒவ்வொரு வெட்டிலும் மேல்மண்ணும் சத்தும் சேர்ந்தே போகிறது. உரம் வைத்ததாக நீங்கள் எழுதவே இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மருந்துக்கு முன் இதைத்தான் செய்வேன்: சென்ட்டுக்கு 200 கிராம் யூரியாவை மணலில் கலந்து, இலை காய்ந்திருக்கும் நேரத்தில் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை போதும். மார்கழி உறைபனி விழும் பள்ளமாக இருந்தால் கார்த்திகைக்குள் நிறுத்திவிடுங்கள். இளந்தளிர் பனியில் கருகிவிடும்.

அடுத்தது ஈரம். இரவெல்லாம் இலையில் பனித்துளி நின்றால் பூஞ்சாணம் இலைக்கு இலை தாவும். விடிந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, நீளமான கயிற்றைப் புல்மேல் இழுத்துக்கொண்டே போனால் துளி உதிர்ந்து சீக்கிரம் காயும். கூலி ஆள் இதைப் பார்த்துச் சிரித்தாலும் விடாமல் செய்யுங்கள். சாயங்காலம் தண்ணீர் விடவே வேண்டாம். ஈரப் புல்லில் மெஷின் ஓட்டாதீர்கள், மழுங்கிய பிளேடு இலையைக் கிழித்து நோய்க்கு வாசல் திறக்கும். நோய் உள்ள பகுதியைக் கடைசியாக வெட்டி, மெஷினைக் கழுவி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வட்டம் பெருகினால் மருந்தின் வகையை மாற்றுங்கள். புரோபிகோனசோல் 25 ஈ.சி. (தண்ணீரில் பால்போல் கலக்கும் திரவ மருந்து), லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. சென்ட்டுக்கு நாலு லிட்டர் கரைசல் போதும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு நெல், கோதுமை, நிலக்கடலை போன்ற பயிர்களுக்கானது, அதனால் ஒரு சிறு பாத்தியில் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். இதையே திரும்பத் திரும்ப அடித்தால் புல்லின் வளர்ச்சி குன்றும், உங்கள் தொழிலுக்கு அது நஷ்டம். 15 முதல் 20 நாள் கழித்தும் தேவைப்பட்டால் குளோரோதலோனில் 75 டபிள்யூ.பி. (தண்ணீரில் கலக்கும் தூள் மருந்து), லிட்டருக்கு 2 கிராம். இது மீனுக்குக் கொடிய விஷம், கண்ணையும் உறுத்தும். ஓடை ஓரத்தில் அடிக்கவே கூடாது. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் மெட்டலாக்சிலோ அசாக்ஸிஸ்ட்ரோபினோ கொடுத்தால் வாங்காதீர்கள். முன்னது வேறு வகைக் கிருமிக்கானது, பின்னது காசுப் புள்ளிக்கு உதவாது.

மழை விட்டு, மூடுபனி கலைந்து, காற்று அடங்கிய நேரமாகப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் கொளுந்து பறிக்கும் வாரமென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் சில அடி விட்டு அடியுங்கள். சாரல் கொளுந்தில் பட்டால், தேயிலையில் மருந்தின் எச்சம் இருக்கிறது என்ற பழி அவர்கள் தலையில்தான் விழும். மருந்து அடித்த புல்லை அறுத்து மாட்டுக்குப் போட வேண்டாம், கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள். புது இலை புள்ளியில்லாமல் வரும்வரை அந்தப் பாத்தியிலிருந்து பத்தை விற்பதையும் நிறுத்தி வையுங்கள்.