ஒரே குர்ஆன் இருந்தும் முஸ்லிம்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்? இஸ்லாத்தை யாரிடம் கற்பது?

முஸ்லிம் நண்பர்கள் மூன்று பேரிடம் ஒரே விஷயத்தைக் கேட்டீர்கள், மூன்று பதில்கள் வந்தன. கபுறுக்கு (அடக்கத்தலத்துக்கு) சென்று வருவதை ஒருவர் நன்மை என்றார், இன்னொருவர் இணைவைப்பு, அதாவது இறைவனுக்கு இணையாக வேறொருவரை ஆக்குவது என்றார், மூன்றாமவர் நழுவிவிட்டார். இதில் எது இஸ்லாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முஸ்லிமாகப் பிறந்து வளர்ந்த எனக்கே இந்தக் கேள்விக்கு விடை தேடப் பல ஆண்டுகள் ஆயின.

இருபது வயதில் என் வாப்பாவோடு தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்று வாக்குவாதம் செய்தேன். அவர் தொப்புளுக்குக் கீழே கட்டுவார். நான் நெஞ்சின் மேல் கட்டத் தொடங்கியிருந்தேன். "உங்கள் தொழுகையே செல்லாது" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அவர் பின்பற்றியது ஹனஃபி மத்ஹபு (சட்ட விளக்க மரபு) ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடைப்பிடித்து வரும் முறை. என் கையில் இருந்தது ஒரே ஓர் உரையில் கேட்ட செய்தி. அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். முஸ்லிம்களின் கருத்து வேறுபாடுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. இறைவன் ஒருவன், முஹம்மது நபி (ஸல்) இறுதித் தூதர், குர்ஆன் இறைவேதம், மறுமை உண்டு, தொழுகையும் ரமளான் நோன்பும் கட்டாய தர்மமான ஜகாத்தும் மக்காவுக்கான ஹஜ்ஜும் கடமை. இவற்றில் சுன்னிகளுக்கும் ஷியாக்களுக்கும் ஓமானில் அதிகம் வாழும் இபாழிகளுக்கும் பிணக்கில்லை. அடுத்த தளத்தில் உள்ளது தலைமை பற்றிய வேறுபாடு. 632ஆம் ஆண்டு நபியவர்கள் மறைந்தபின் சமுதாயத்தை யார் வழிநடத்துவது என்பதில் அது தொடங்கியது. 680இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் (ரலி) கொல்லப்பட்டதும் ஆறாத காயமாயிற்று. ஷியாக்களுக்கு இமாமத், அதாவது நபியின் குடும்பத்து இமாம்களின் தலைமை என்பது நம்பிக்கையின் ஒரு தூண், சுன்னிகளுக்கு அப்படி அல்ல. இதைச் சின்ன வேறுபாடு என்று சொல்லிக் கடந்துபோவது இரு சாராருக்கும் செய்யும் அநீதி.

நீங்கள் அன்றாடம் கேட்கும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை மூன்றாவது தளத்தைச் சேர்ந்தவை, அதாவது ஃபிக்ஹு எனப்படும் சட்ட விளக்கத்தில் வருபவை. இவை முரட்டுப் பிடிவாதத்தால் பிறந்தவை என்றுதான் நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். பிறகு ஓர் ஆசிரியர் எனக்கு இரண்டு வசனங்களைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார்.

விவாகரத்தான பெண்கள் மூன்று 'குரூ' காலம் காத்திருக்க வேண்டும் என்கிறது குர்ஆனின் 2:228 வசனம். அரபியில் அந்தச் சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள் உண்டு, இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலம் என்றும் பொருள் உண்டு. மத்ஹபுகளின் இமாம்களில் அபூ ஹனீஃபாவின் வழி முதல் பொருளை எடுத்தது. மாலிக், ஷாஃபிஈ இருவரும் இரண்டாவதை எடுத்தார்கள். காத்திருக்கும் நாட்களின் கணக்கே அதனால் மாறுகிறது. தொழுகைக்கு முன் ஒளு (உடல் தூய்மை) செய்வது பற்றிய 5:6 வசனம் இன்னும் நுட்பமானது. 'உங்கள் கால்களை' என்ற சொல்லை 'அர்ஜுலகும்' என்று ஓதினால் அது முகத்தோடும் கைகளோடும் சேர்ந்து, கால்களைக் கழுவுங்கள் என்றாகும். 'அர்ஜுலிகும்' என்று ஓதினால் தலையைத் தடவுவதோடு சேர்த்துப் பொருள் கொள்ள இடமுண்டு. இரண்டுமே ஏற்கப்பட்ட ஓதல் முறைகள். சுன்னிகள், நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளான ஹதீஸ்களின் துணையோடு கழுவ வேண்டும் என்கிறார்கள், ஷியாக்கள் தடவுவதே போதும் என்கிறார்கள். ஓர் உயிரொலிதான் வேறுபாடு. அன்று அந்தப் பாடம் முடிந்தபோது என்னால் யார் மீதும் கோபப்பட முடியவில்லை.

நபியவர்களின் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. "பனூ குறைழாவின் இடத்தை அடையும்வரை யாரும் அஸர் தொழ வேண்டாம்" என்று அவர்கள் கட்டளையிட்டார்கள். பனூ குறைழா ஒரு யூதக் குலம், அஸர் என்பது மாலைநேரத் தொழுகை. வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. தோழர்களில் சிலர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, அங்கே போய்ச் சேரும்வரை தொழவில்லை. வேறு சிலர், விரைந்து செல்லுங்கள் என்பதுதான் கட்டளையின் நோக்கம் என்று வழியிலேயே தொழுதார்கள். விஷயம் நபியவர்களிடம் சொல்லப்பட்டபோது இரு தரப்பில் யாரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. 'புகாரி' என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது.

இனி நீங்கள் குறிப்பாகக் கேட்ட கபுறு விஷயம். சண்டை சூடாக நடப்பது இங்கேதான், மூன்று தனித்தனிச் செயல்களை ஒன்றாகக் கட்டிப் பேசுவதும் இங்கேதான். இறந்தவர்களுக்காகத் துஆ (பிரார்த்தனை) செய்யவும் மரணத்தை நினைவுகூரவும் கபுறுகளுக்குச் செல்வது ஒன்று. "கபுறுகளைச் சந்திப்பதைத் தடுத்திருந்தேன், இனிச் சந்தியுங்கள்" என்ற ஹதீஸ் 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, சந்திப்பதை ஆதரிக்கும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏராளம். அல்லாஹ்விடமே கேட்டு, அந்தக் கேட்டலில் ஒரு நல்லடியாரின் சிறப்பை முன்வைப்பது இன்னொன்று. இதில் பெரிய அறிஞர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள். இறந்தவரையே அழைத்து, நீங்களே தாருங்கள் என்று கேட்பது மூன்றாவது. கடுமையான எதிர்ப்பு இதற்குத்தான். நான் அல்லாஹ்விடம் மட்டுமே கேட்கிறவன், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கபுறு வாசலில் நிற்பவர் இம்மூன்றில் எதைச் செய்கிறார் என்று விசாரிக்காமல் அவரை இணைவைப்பவர் என்று சொல்ல எனக்கு அச்சமாக இருக்கிறது. ஒரு முஸ்லிமைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று தீர்ப்பளிப்பதன் ஆபத்தை உணர்ந்துதான் 2005இல் ஜோர்தானின் அம்மானில் ஐம்பது நாடுகளின் அறிஞர்கள் கூடினார்கள். நான்கு சுன்னி மத்ஹபுகள், ஜஃபரி, ஜைதி, இபாழி, ழாஹிரி ஆகிய எட்டு வழிகளையும் பின்பற்றுவோர் முஸ்லிம்களே, அவர்களைக் காஃபிராக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

யாரிடம் கற்பது என்பதற்கு வருகிறேன். "என் சமுதாயத்தின் கருத்து வேறுபாடு ஓர் அருள்" என்ற வாசகத்தை நபிமொழி என்றே நம்பி, ஒரு கூட்டத்தில் உருக்கமாகப் பேசினேன். முடிந்ததும் ஒரு முதியவர் அருகில் வந்து, "தம்பி, இதை அறிவித்தவர் யார்?" என்று மட்டும் கேட்டார். வாரக்கணக்கில் தேடினேன். அந்த வாசகத்துக்கு, நபியிடமிருந்து யார் கேட்டு யாரிடம் சொன்னார் என்று காட்டும் ஏற்கத்தக்க அறிவிப்பாளர் தொடரே இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுதியிருப்பதைக் கண்டேன். கருத்து நல்லதாக இருக்கலாம். நபி சொன்னதாகச் சொல்ல அது போதாது. "சீனா சென்றேனும் கல்வி தேடு" என்பதும் அப்படித்தான், பலவீனமானது என்றும் இட்டுக்கட்டப்பட்டது என்றும் அறிஞர்கள் ஒதுக்கியது. "அறிவிப்பாளர் தொடர் மார்க்கத்தின் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் விரும்பியவர் விரும்பியதைச் சொல்லிவிடுவார்" என்றார் ஹதீஸ் அறிஞர் அப்துல்லாஹ் இப்னு முபாரக். அந்த முதியவரின் கேள்வியைத்தான் உங்களுக்கும் கொடுக்கிறேன்: இது எங்கிருந்து வந்தது? எந்த நூல், யார் அறிவித்தது, தரம் என்ன என்று சொல்ல முடியாத செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஓரமாக வையுங்கள்.

குர்ஆன் மொழிபெயர்ப்பை வாசிக்கும்போது ஒரு வசனத்தைத் தனியே பிய்த்து எடுக்காதீர்கள். "தொழுகையாளிகளுக்குக் கேடுதான்" என்று 107:4 சொல்கிறது. அடுத்த வசனத்தைப் படித்தால்தான் அது தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களைப் பற்றியது என்று தெரியும். இஸ்லாத்தைத் தாக்குகிறவர்களும் வன்முறைக்கு ஆள் சேர்ப்பவர்களும், இணைவைப்பவர்களைக் கொல்லச் சொல்லும் 9:5ஐ மேற்கோள் காட்டி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் 9:6 அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. இதற்குத்தான் தஃப்ஸீர் எனப்படும் குர்ஆன் விரிவுரை வேண்டும். 923இல் மறைந்த தபரீயின் விரிவுரை ஒரு வசனத்துக்கு வந்த பல விளக்கங்களையும் அறிவித்தவர்களின் பெயர்களோடு அடுக்கிவிட்டு, பெரும்பாலும் தம் தேர்வையும் காரணத்தோடு சொல்லும்.

ஒரு சாராரைப் பற்றி அவர்களின் எதிரிகள் எழுதியதை மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள். ஷியாக்களின் நம்பிக்கையை ஷியா ஆலிம்களின் நூல்களிலும், சூஃபிகளின் நெறியை அந்த நெறியில் வந்த அறிஞர்களிடமும், முதல் தலைமுறை முஸ்லிம்களின் வழிக்கே திரும்ப வேண்டும் என்னும் ஸலஃபிகளின் வாதத்தை ஸலஃபி அறிஞர்களிடமும் கேளுங்கள். பிறகு மறுப்பைப் படியுங்கள்.

ஆசிரியரைத் தேடும்போது அவர் யாரிடம் படித்தார் என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல ஆலிம் அதற்குக் கோபப்படமாட்டார். தாம் சொல்வது எந்த மத்ஹபின் கருத்து, இதில் மாறுபடுகிறவர் யார் என்பதையும் அவர் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். மதீனாவின் இமாம் மாலிக்கிடம் ஒருமுறை நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டபோது பெரும்பாலானவற்றுக்கு "தெரியாது" என்றே பதில் சொன்னதாகப் பதிவு உண்டு. அவருடைய முவத்தா நூலையே எல்லா ஊர்களுக்கும் சட்டமாக்க அப்பாஸியக் கலீஃபா விரும்பியபோது, நபித்தோழர்கள் பல ஊர்களுக்குப் பரவிவிட்டார்கள், ஒவ்வோர் ஊரிலும் ஓர் அறிவு இருக்கிறது என்று சொல்லி அவர் தடுத்துவிட்டார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இரண்டு நிமிடக் காணொளியில் பாதி சமுதாயத்தை நரகத்துக்கு அனுப்புகிற பேச்சாளரிடம் இந்த நிதானத்தைப் பார்க்க முடியாது.

உங்கள் நண்பர்கள் மூவரிடமும் மறுபடி பேசுங்கள். இந்த முறை, கபுறில் என்ன செய்வதைப் பற்றிச் சொல்கிறீர்கள், அதற்கு ஆதாரம் எது, அதை யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அன்று நழுவிய மூன்றாமவர், "எனக்குச் சரியாகத் தெரியாது, என் உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால், அவரோடு நீங்களும் அந்த உஸ்தாதைப் பார்க்கப் போங்கள்.