கேள்வி-பதில்: நாகையில் கப்பல், யாழ்ப்பாணத் தீவுகளில் கார் – பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, தை அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. நான், மனைவி, அம்மா (68 வயது), இரண்டு பிள்ளைகள். எங்கள் காரையே நாகப்பட்டினத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் யாழ்ப்பாணம், நெடுந்தீவு, நயினாதீவு எல்லாம் கடலோரமாக ஓட்டிப் பார்க்க ஆசை. கும்பகோணத்தில் ஒரு ஏஜென்ட், ‘காரெல்லாம் வேண்டாம் சார், நாலு பகல் மூணு ராத்திரி, கப்பல், வண்டி, ஹோட்டல், திருகோணமலை கோயிலும் சேர்த்து தலைக்கு 36,500’ என்கிறார். முழுப் பணமும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். கட்டலாமா? – மன்னார்குடி வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அதாவது, முழுப் பணத்தைக் கட்டாதீர்கள், இந்தத் திட்டத்துக்குக் கட்டவே கட்டாதீர்கள்.

முதலில் கார் விஷயம். நாகை – காங்கேசன்துறை (யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் துறைமுகம்) கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றும். கார் ஏற்றுகிற கப்பல் அது இல்லை, இதில் ஏஜென்ட் சொன்னது சரிதான். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிவைத்தார்கள், ஐப்பசி மழை வந்ததும் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓட ஆரம்பித்தது, அதுவும் அந்த வருஷத்து மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கிளம்பியது. இதை ஏன் தேதி போட்டுச் சொல்கிறேன் என்றால், ஏஜென்ட் விற்கிற நாலு நாள் கணக்கு முழுக்க இந்த ஒரு கப்பலின் தலையில் நிற்கிறது. கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால் அங்கே போட்ட ஹோட்டல், வண்டி எல்லாம் சரியும், அந்த நஷ்டம் யார் தலையில் என்று அவர் கொடுத்த தாளில் ஒரு வரி கூட இருக்காது. இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.

டெல்டாக்காரர்களுக்குக் காற்று மழை பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாசி, பங்குனிதான் இதற்குச் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகையில் யாராவது ‘ஆஃபர்’ என்று மலிவாக விற்றால், அது ஏன் மலிவு என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து அந்தத் திட்டம். நாலு நாளில் முதல் நாளும் கடைசி நாளும் கப்பலுக்கும் இமிக்ரேஷன் வரிசைக்கும் போய்விடும். மிச்சம் இரண்டு நாள். அதில் திருகோணமலை என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து போகவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வரவும் அதே தூரம், ஒரு நாள் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். மீதி ஒரே நாளில் நயினாதீவும் நெடுந்தீவும் என்று எழுதியிருப்பார்கள், காகிதத்தில் எழுதுவது சுலபம். இரண்டுக்கும் படகு ஒரே இடத்திலிருந்துதான், குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கு கால் மணி, இருபது நிமிடம், படகும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவு அப்படியில்லை, ஒரு மணி நேரம் ஆகும், நாளைக்குச் சில படகுகள்தான். காலைப் படகை விட்டால் அன்றைக்கு நெடுந்தீவு இல்லை, திரும்புகிற படகை விட்டால் ராத்திரி அங்கேதான். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் பயணம் போடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, ரோட்டிலிருந்து கணக்குப் போடுவது. ரோடு எங்கேயும் போகாது. படகு நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, நடுவில் மிச்சமாகிற நேரத்தில் ரோட்டை வையுங்கள்.

நானாக இருந்தால் ஐந்து ராத்திரி போடுவேன். இறங்கின அன்று காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை, வழியில் மாவிட்டபுரம் கோயில், கீரிமலைக் கேணி, அத்தோடு சரி, படுங்கள். மறுநாள்தான் நீங்கள் ஆசைப்படுகிற கடலோரப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலை வழியாகக் கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் காரைநகர், அங்கே கசூரினா கடற்கரை (நம்ம வேதாரண்யம் பக்கத்துச் சவுக்கு மாதிரியே நிற்கும், கடல் ரொம்ப தூரத்துக்கு முழங்கால் ஆழம்தான், பிள்ளைகளுக்குப் பயமில்லை), அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைத் தாண்டி, வேலணை வழியாகப் பண்ணை ரோட்டில் (தீவையும் யாழ்ப்பாணத்தையும் சேர்க்கிற, கடலுக்கு நடுவே போட்ட இன்னொரு ரோடு) பொழுது சாயும்போது திரும்பி ஊருக்குள். மூன்றாம் நாள் குறிகட்டுவான் போய் நயினாதீவு, நாகபூஷணி அம்மனைப் பார்த்துவிட்டு மத்தியானம் நிதானமாகத் திரும்பலாம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற அந்த நீளப் பாலத்தில், வாணர் பாலம் என்பார்கள், வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நில்லுங்கள், இரண்டு பக்கமும் தண்ணீர், மீன்பிடிப் பட்டி, கொக்கு. நான்காம் நாள் காலையிலேயே நெடுந்தீவு. பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டின வேலிகள், சொந்தக்காரன் இல்லாமல் மேய்கிற குதிரைகள், பெருக்கு மரம் (பாவோபாப், அடிமரம் அவ்வளவு தடிமன்). கார் குறிகட்டுவானிலேயே நிற்கும், தீவுக்குள் சுற்ற அங்கேயே ஆட்டோ பேசிக்கொள்ளலாம். ஐந்தாம் நாளைச் சும்மா விடுங்கள். படகு காலை வாரினால் ஈடுகட்ட ஒரு நாள் வேண்டும், வாராவிட்டால் நல்லூரும் சந்தையும் இருக்கின்றன.

காரைநகரில் கடலைத் தாண்டுவது பற்றி ஒன்று. அங்கே வண்டியை ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்குப் பெயர் ‘பாதை’. நான் போனபோது டிரைவர் போனில் யாரிடமோ பேசிவிட்டு, ‘இண்டைக்குப் பாதை ஓடேல்லை அண்ணை’ என்றார். பாதை எப்படி ஓடும், ரோட்டை ஏதோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, ‘சரி, வேற ரோட்டுல போங்க’ என்றேன். அவர் சிரித்துவிட்டார். பழுது என்று நிற்பது அதற்கு வழக்கம்தான். நின்றால் வந்த வழியே யாழ்ப்பாணம் திரும்பி, பண்ணை வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை வர வேண்டும், அந்தச் சுற்றுக்கு டிரைவர் கிலோமீட்டர் காசு கேட்பார், கேட்பது நியாயமும்கூட. மறுநாள் ஓடியது. தகரத் தளத்தில் ஒரு ஆட்டோ, நாலைந்து மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி கட்டின ஒரு சைக்கிள், எங்கள் வான். எதிரே கடலுக்குள்ளேயே நிற்கிற கோட்டை. ஹமன்ஹீல் என்று டச்சுக்காரன் வைத்த பெயர், பன்றித் தொடையின் குதிகால் என்று அர்த்தமாம். நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் அவர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது ஒரே வருஷம், 1658. அவர்களுக்கும் இந்த இரண்டு கரையும் ஒரே கணக்கில்தான் இருந்திருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஏஜென்டிடம் 36,500 எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: கப்பல் டிக்கெட், ஹோட்டல் பெயரோடு அறை வாடகை, வண்டி மாடல், டிரைவர் பேட்டா, விசா, அவருடைய கமிஷன். பிரித்துத் தர மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். கப்பல் டிக்கெட்டை கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் நீங்களே எடுக்கலாம், வாரத்தில் எந்தெந்தக் கிழமை ஓடுகிறது, எத்தனை கிலோ மூட்டை இலவசம் என்பதையும் எடுக்கிற அன்றே அங்கேயே பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும். விசாவுக்கு இலங்கை அரசின் இ.டி.ஏ. (ஆன்லைன் பயண அனுமதி) தளம் ஒன்றுதான். கூகிளில் தேடினால் அதே மாதிரி முகப்போடு கூடுதல் காசு பிடுங்குகிற தளங்கள் மேலே வந்து நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைத் தட்டாதீர்கள். வண்டியும் ஹோட்டலும் யாழ்ப்பாணத்திலேயே பேசிக்கொள்ளலாம், பேசும்போது ‘எந்த ரூபாய்?’ என்று கேளுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வரும், ‘பன்னிரண்டாயிரம்’ என்று கேட்டதும் மயங்கி விழுந்தவர்கள் உண்டு, இந்திய ரூபாய் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

வண்டி மாடலை எழுதி வாங்கச் சொல்வது சும்மா இல்லை. என் வவுச்சரில் ‘ஏ.சி. வான்’ என்று இருந்தது. வந்த வானில் ஏ.சி. இருந்தது, பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் மாமியார் திரும்பிப் பார்த்துப் பெட்டியை எண்ணிக்கொண்டே வந்தார். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

ஆனாலும் ஏஜென்டிடம்தான் வாங்குவேன் என்றால் பாதி முன்பணம், மீதி கப்பல் ஏறுகிற அன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்று பில் போட்டால் டி.சி.எஸ். வரி (விற்கிறவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டுவது) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்ப வாங்கவோ முடியும். பான் எண்ணே கேட்காமல் ‘டாக்ஸும் சேர்த்துதான்’ என்று ஒருவர் சொன்னால், அந்த வரி எங்கே போகிறது என்று யோசியுங்கள்.

கேள்வி: நான் காருக்கு இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துவிட்டால் அங்கே வாடகைக் காரை நானே ஓட்டலாம்தானே? டிரைவர் காசு மிச்சம். – திருவாரூர் வாசகர்

பதில்: எடுப்பது சுலபம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். சிக்கல் அங்கேதான். இலங்கையில் அந்தப் புத்தகம் மட்டும் போதாது, அந்நாட்டு ஒப்புதல் வேண்டும், வழக்கமாக அதைக் கொடுப்பது கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன். விமானத்தில் கொழும்பு இறங்குகிறவருக்கு அது ஒரு வேலை, முடித்துவிட்டுக் கிளம்பலாம். நாம் இறங்குவது காங்கேசன்துறை, கொழும்பு அங்கிருந்து நானூறு கிலோமீட்டர். ஒரு முத்திரைக்காக நானூறு கிலோமீட்டர் போவீர்களா?

‘அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க’ என்று ஸ்கூட்டர் வாடகைக்காரர் சொல்வார். போலீஸ் கேட்காமல் விடலாம். விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது லைசென்ஸ்தான், ஒப்புதல் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு பணம் கேட்டால் கையை விரிக்க அவர்களுக்கு நல்ல சாக்கு. டிரைவரோடு எடுங்கள். பாதை ஓடுகிறதா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: போன வருஷம் கார்த்திகையில் ஒரு ஏஜென்டிடம் இந்தக் கப்பலுக்குப் பணம் கட்டினோம். கப்பல் ஓடவில்லை. ‘நோ ரீஃபண்ட், அடுத்த சீசனில் போய்க்கோங்க’ என்கிறார். பில்லும் தரவில்லை, ஜிபேயில் போட்டதுதான். என்ன செய்வது? – மயிலாடுதுறை வாசகி

பதில்: ஜிபேயில் போட்டது நல்லதாகப் போயிற்று, அதுதான் உங்கள் சாட்சி. வாட்ஸ்அப்பில் அவர் ‘கன்ஃபர்ம்’ என்று அனுப்பியதையும் அழிக்காமல் வையுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. அதனால் முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இந்தத் தேதியில் இவ்வளவு கட்டினேன், கப்பல் ஓடவில்லை, இத்தனை நாளுக்குள் பணம் வேண்டும். நாலு வரி போதும், திட்ட வேண்டாம். அவர் கப்பல் டிக்கெட்டை உண்மையிலேயே எடுத்தாரா, டிக்கெட் எண் என்ன என்றும் அதிலேயே கேளுங்கள். எடுக்கவே இல்லையென்றால் ‘கப்பல்காரன் தரல’ என்ற பேச்சுக்கே இடமில்லை. எடுத்திருந்து, கப்பல் ரத்தானதால் அந்தப் பணம் அவர் கைக்குத் திரும்ப வந்திருந்தால், அதை வைத்துக்கொள்ள அவருக்கு என்ன உரிமை?

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியுங்கள், பல பேருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்துக்கான ஆணையத்திலேயே போடலாம், கட்டின பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ‘அடுத்த சீசன், அடுத்த சீசன்’ என்று அவர் இழுப்பதில் அந்தக் காலமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நயினாதீவு அம்மனுக்குப் போகிறோம். நகை போட்டுக்கொண்டு போகலாமா? – வலங்கைமான் வாசகி

பதில்: தாலிச் செயின், வழக்கமான வளையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், போகும்போதே நாகை துறைமுகத்தில் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி, இது இங்கிருந்து கொண்டுபோவதுதான் என்று ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உங்கள் கல்யாண வளையலை உங்களுடையதுதான் என்று நிரூபிக்க நகைக்கடை பில்லைத் தேட வேண்டியிருக்கும், இருபது வருஷத்துக்கு முந்தைய பில்லை யார் வைத்திருக்கிறார்கள். ஆனியில் அம்மன் திருவிழா சமயம் போவதாக இருந்தால் படகில் ஏறவே நெரிசல் தாங்காது, அப்போது அந்தச் செயினையும் சேலைக்குள் விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.