தாசில் பண்ண ஆசை

அன்புள்ள ஐயா,

வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். சென்ற கோடையில் இரண்டு மாதம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் மருமகன் பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களைப் போடுவார். மிஸ்டர் பீன் எனக்குப் பிடிக்கும். அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்தேன். ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற தொடரில் ஒரு விடுதி முதலாளி வருகிறான். தங்க வந்தவர்களை அவமதிக்கிறான், மனைவிக்குப் பயந்து பொய் சொல்கிறான், மொழி தெரியாத சர்வரைத் தலையில் அடிக்கிறான். மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கோ எப்போது மாட்டிக்கொள்வானோ என்று நெஞ்சு படபடத்ததே தவிர, சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு ஆளைப் பார்த்து என்ன சிரிப்பு? வெளிநாட்டுக்காரனை அடிப்பது நகைச்சுவையா? இந்தத் தொடர்களை நீங்கள் அடிக்கடி புகழ்ந்து எழுதுவதால் கேட்கிறேன்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்களுக்கு வந்த படபடப்பு மருமகனுக்கும் வந்திருக்கும். அவர் அதைச் சிரித்துத் தீர்த்துக்கொண்டார், நீங்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

மிஸ்டர் பீன் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. அதனால்தான் அவர் திருச்சி வரை தடையில்லாமல் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் ஒருவன் வாயைத் திறந்தால் போதும், அப்பன் என்ன தொழில் செய்தான், மகன் எந்த மாதிரிப் பள்ளியில் படித்தான் என்பது வரை எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஊர் நகைச்சுவையில் பாதி இந்த உச்சரிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அது நம் காதில் விழாதபோது கத்துகிற ஒரு மனிதன் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறான்.

‘ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க’ என்பார்களே, அந்த விடுதி முதலாளி பேசில் ஃபால்டியின் ஜாதகத்தை அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. 1975-இல் ஒளிபரப்பான முதல் பகுதியைத் தேடிப் பாருங்கள். தன் விடுதிக்குக் ‘கௌரவமான’ ஆட்கள் வரவேண்டும் என்று பேசில் விளம்பரம் கொடுக்கிறான். பிரபு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து இறங்குகிறார். அதுவரை சிடுசிடுத்தவன் வளைந்து குழைந்து நிற்கிறான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தையே எழுப்பி, ஜன்னலோர மேசையைப் பிரபுவுக்குக் கொடுக்கிறான். லண்டன் தெருப்பேச்சு பேசும் இன்னொருவரை மட்டும் புழுவைப் போல நடத்துகிறான். பார்த்தால் அந்தத் தெருப்பேச்சுக்காரர் போலீஸ்காரர், பிரபு மோசடிப் பேர்வழி. பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கல். பேசில் ஆத்திரத்தில் அந்த ஆளை உதைத்துக்கொண்டிருக்கும்போது உண்மையான சீமானும் சீமாட்டியும் வந்து சேர்கிறார்கள், பார்க்கிறார்கள், வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். யாருக்காக விளம்பரம் கொடுத்தானோ அவர்களையே வாசலில் நின்று திமிர் பிடித்தவர்கள் என்று திட்டித் தீர்க்கிறான்!

இந்தப் பேசிலுக்கு ஒரு மூலவர் உண்டு. 1970-இல், பின்னாளில் பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் தன் நகைச்சுவைக் குழு நண்பர்களோடு டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு விடுதியில் தங்கினார். அதன் உரிமையாளருக்கு வாடிக்கையாளர்களே பெரிய இடைஞ்சல். மற்றவர்கள் வேறு விடுதிக்கு ஓடிவிட, கிளீஸ் அங்கேயே இருந்து கவனித்தார். பிறகு மனைவி கானி பூத்துடன் சேர்ந்து எழுதினார். முதலில் ஆறு பகுதிகள், 1979-இல் இன்னும் ஆறு. மொத்தமே பன்னிரண்டு. இடையில் அந்த மணவாழ்க்கை முறிந்துபோனது, ஆனாலும் எழுத்தை இருவரும் சேர்ந்தே முடித்தார்கள்.

அடி வாங்கும் ஸ்பெயின்காரச் சர்வர் மனுவேலைப் பற்றி நீங்கள் கேட்டதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மனுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரர் அல்ல. பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர். குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தபோது சாக்ஸ் சிறுவன். மொழி தெரியாமல் புது நாட்டில் விழித்து நிற்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அந்த அடிகளில் சில நிஜமாகவே பட்டன, உடையில் புகை வரவழைக்கப் பயன்படுத்திய ரசாயனத்தால் ஒருமுறை தீக்காயமே ஏற்பட்டது. ஸ்பெயினில் இந்தத் தொடரைக் காட்டியபோது மனுவேலை இத்தாலிக்காரனாக மாற்றிவிட்டார்களாம். ஆக, அங்கேயும் யாருக்கோ உறுத்தியிருக்கிறது. என் கட்சி இதுதான்: அந்த அடியைப் பார்த்து நாம் மனுவேலைத் தாழ்வாக நினைப்பதில்லை, அடிப்பவனைத்தான் நினைக்கிறோம். நீங்களே கடிதத்தில் பேசிலைத்தானே திட்டியிருக்கிறீர்கள்?

எல்லாத் தொடர்களுக்கும் இந்தச் சலுகையைத் தர மாட்டேன். 1974-இல் தொடங்கிய ‘இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ நம் நாட்டில் நடக்கிற கதை. போர்க்காலத்தில் தேவ்லாலி ராணுவ முகாமில் இருந்த ஒரு கலைநிகழ்ச்சிக் குழுவைப் பற்றியது. டேவிட் கிராஃப்டோடு சேர்ந்து அதை எழுதிய ஜிம்மி பெர்ரி அங்கே அப்படி ஒரு குழுவில் உண்மையிலேயே இருந்தவர். முக்கியமான இந்தியப் பாத்திரத்தை மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர் முகத்துக்குப் பழுப்பு மை பூசி நடித்தார். அவர் ஜான்சியில் பிறந்தவர், இந்தி பேசுவார் என்றெல்லாம் சமாதானம் சொல்வார்கள். நான் இரண்டு பகுதிகளோடு எழுந்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஜிம்மி பெர்ரியும் அதே டேவிட் கிராஃப்டும் எழுதியதுதான் ‘டாட்ஸ் ஆர்மி’. உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான், அதுவும் நீங்கள் வங்கி மேலாளர் என்பதால்.

1940-இல் ஜெர்மானியர் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி எந்த நிமிடமும் வந்திறங்கலாம் என்ற பயம். படையில் சேர முடியாதவர்களை வைத்து ஊர்க்காவல் படை ஒன்றை அரசாங்கம் திரட்டியது. பெர்ரியே சிறுவயதில் அதில் இருந்தவர். தொடரில் ஒரு சிறிய கடற்கரை ஊரின் படைப்பிரிவுக்குத் தலைவர், உள்ளூர் வங்கி மேலாளர் மேனரிங். (எழுத்தில் மெயின்வாரிங், சொல்வது மேனரிங். அந்த ஊரில் பெயரைச் சரியாக உச்சரிப்பதற்கே பரம்பரை வேண்டும்.) யாரும் நியமிக்கவில்லை, அவரே தலைவராகிவிட்டார். அவருக்குக் கீழே சார்ஜென்ட் வில்சன். பகலில் வங்கியில் அவருடைய தலைமை எழுத்தர். வில்சன் பெரிய இடத்துப் பிள்ளை, மேனரிங் கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவர். வில்சன் குரலை உயர்த்தவே மாட்டார். “அப்படிச் செய்வது புத்திசாலித்தனமா, ஐயா?” என்று மென்மையாகக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மேனரிங்கின் மேலாளர் பதவி, கேப்டன் பட்டம் எல்லாம் காற்றிறங்கிப் போகும். ஒரு பகுதியில் வில்சனுக்குக் குடும்பவழியில் கௌரவப் பட்டம் வந்துவிடுகிறது. மேனரிங் பல ஆண்டுகளாக நுழைய முயன்ற கோல்ஃப் கிளப், வில்சனைத் தானாகவே கூப்பிட்டு உறுப்பினராக்குகிறது. அப்போது மேனரிங்காக நடித்த ஆர்தர் லோவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

1968 முதல் 1977 வரை எண்பது பகுதிகள். அவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால், பெண்களைப் படையில் சேர்க்கும் பகுதியைப் பாருங்கள். மேனரிங்கின் மனைவி தொடர் முழுக்க முகம் காட்டுவதே இல்லை, அது ஒரு நிரந்தர வேடிக்கை. இந்தப் பகுதியில் ஒரு பெண்மணி படையில் சேர வருகிறார், மேனரிங் மனத்தைப் பறிகொடுக்கிறார். ஊர் பேசத் தொடங்குகிறது. அவருடைய மதிப்புக்குப் பங்கம் வரக்கூடாதென்று அந்தப் பெண் ஊரைவிட்டே கிளம்புகிறார். ரயில் நிலையத்தில் அந்தக் குட்டையான, வழுக்கைத் தலை மனிதர், ஊரே அறிந்த வங்கி மேலாளர், போகவேண்டாம் என்று கெஞ்சுகிறார். ரயில் போய்விடுகிறது. நான் அதைப் பார்த்த இரவு சிரித்தேனா என்று எனக்கே நினைவில்லை.

நீங்கள் முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் இருந்திருக்கிறீர்கள். உங்கள் கிளையிலும் ஒரு வில்சன் இருந்திருப்பாரே? குரலை உயர்த்தாமல், “சார், அது சரியாக வருமா?” என்று கேட்கிறவர். பார்த்துவிட்டு அவரைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம்.