ஈயக்கப்பலும் பாலோங்கும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். தஞ்சோங் துவாலாங் சாலையில் ஒரு குளத்துக்குள் மிதந்தபடி ஈயம் தோண்டிய பிரம்மாண்டமான இயந்திரம், ஈயக்கப்பல், நிற்கிறது. கிந்தா ஆறு அங்கிருந்து தள்ளி ஓடுகிறது. அவ்வளவு பெரிய கப்பல் அந்தக் குளத்துக்குள் எப்படி வந்தது? அது எடுத்த ஈயம் நம் வீட்டு ஈயச்சொம்பின் ஈயம்தானா? கெல்லி மாளிகைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயிலைப் பார்த்ததிலிருந்து இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தச் சுரங்கங்களில் தமிழர்கள் வேலை செய்தார்களா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

சொம்பின் ஈயமேதான். காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. ரசம் வைக்கும் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். மலேசியத் தமிழர்கள் வெறும் ஈயம் என்றே சொல்வார்கள். சுரங்கத்துக்கு அவர்கள் சொல் லம்பம், மலாயின் லொம்போங்கிலிருந்து வந்தது.

கப்பல் எங்கிருந்தும் வரவில்லை. பள்ளம் வெட்டி, அதற்குள் இரும்பு மிதவையைப் பூட்டி, மேலே இயந்திரங்களை ஏற்றி, பிறகு தண்ணீர் விடுவார்கள். மிதக்கத் தொடங்கியதும் அது தன் குளத்தையும் கூட்டிக்கொண்டு நகரும். முன்பக்கம் வாளிச் சங்கிலி கரையை வெட்டும், பின்பக்கம் கழிவு மணல் கொட்டும். முன்னே குளம் விரியும், பின்னே தூர்ந்துபோகும். கரைகளில் நங்கூரமிட்ட எஃகு வடங்களை மாற்றி மாற்றி இழுத்து, கப்பலை இடமும் வலமுமாக வீசி வெட்டுவார்கள். நீங்கள் பார்த்த ஐந்தாம் எண் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. எடை சுமார் 4,500 டன். மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை ஓடியது. மலாயாவின் முதல் வாளிக் கப்பல் வேலை தொடங்கியதும் இதே பத்து காஜா பக்கம்தான், 1913இல்.

உள்ளே நடப்பதெல்லாம் எடையின் வேலை. ஈயக்கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ 7 மடங்கு, மணலுக்கு 2.65 மடங்கு. தண்ணீருக்குள் தண்ணீரின் எடை கழிந்துவிடுவதால் வித்தியாசம் இன்னும் கூடும்: 6க்கு 1.65. வாளிகள் கொட்டும் மண்ணை உருளும் சல்லடையில் தண்ணீர் பீய்ச்சி உடைப்பார்கள். கல் வெளியே போகும். கீழே இறங்கும் பொடி மண்ணை ‘ஜிக்’ தொட்டிகளில் தண்ணீரை விட்டு விட்டு உந்தி அலசும்போது ஈயமணல் அடியில் தங்கும், மற்றது வழிந்தோடும். ஒரு கன கெஜம் மண்ணிலிருந்து மிகக் கொஞ்சம் ஈயமணல் கிடைத்தாலே லாபம். மிச்சமெல்லாம் கழிவு.

எங்கே தவறும்? முதலில் களிமண். பிசுபிசுப்பான களி சல்லடையில் உடையாமல் உருண்டைகளாகத் திரண்டு, ஈயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே பின்பக்கம் போய்விடும். இரண்டாவது சுண்ணாம்புப் பாறை. கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணுக்கு அடியில் பாறை சமதளமாக இல்லை, ஊசி ஊசியாக நிற்கிறது. ஈயம் அந்த ஊசிகளின் இடுக்குகளில்தான் இறங்கிக் கிடக்கும். வாளிக்கு அங்கே எட்டாது, முட்டினால் உடையும்.

அந்த இடுக்குகளைத் தோண்டியவர்கள் சீனக் கொங்சிகள், அதாவது கூட்டு நிறுவனங்கள். அழுத்தக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக் கரையைக் கரைப்பார்கள். சேறு பள்ளத்தின் அடியில் திரளும். கிராவல் பம்ப் அதை மேலே தள்ளும். மரச்சாரத்தின் மீது லேசான சரிவில் நிற்கும் நீண்ட மரவாய்க்கால்தான் பாலோங். அதன் குறுக்கே சிறு பலகைகள் தடுத்திருக்கும். ஈயமணல் பலகைகளின் பின்னால் படியும், சில நாட்களுக்கு ஒருமுறை பம்பை நிறுத்திவிட்டு வாருவார்கள். சரிவு கூடினால் ஈயமும் சேர்ந்து ஓடும், குறைந்தால் மணல் அடைத்துக்கொள்ளும். தண்ணீரின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தே சரிவைச் சொல்லத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அதிலும் தப்பியதை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று டூலாங் என்ற மரத்தட்டில் அரித்தெடுத்த பெண்கள் பெரும்பாலும் ஹக்கா சீனர்கள். அதற்கும் அரசாங்க அனுமதிச்சீட்டு வேண்டும்.

எனக்கு உறுத்துவது இதுதான். 1910 வாக்கில் மலாயாவின் ஈயத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனச் சுரங்கங்களிலிருந்து வந்தது. கப்பல்கள் பெருகிய பிறகே, 1930க்குள், ஐரோப்பிய நிறுவனங்களின் கை ஓங்கியது. இன்று பாரம்பரியம் என்று நிற்பதோ கப்பல். பாலோங் மரத்தால் ஆனது. லம்பம் இடம் மாறும்போதே அதைப் பிரித்து எடுத்துப்போவார்கள். 1985 அக்டோபரில் சர்வதேச ஈயச் சந்தை சரிந்து லம்பங்கள் மூடிய பிறகு, பிரித்ததை மறுபடி கட்ட ஆளில்லை. இரும்பு நின்றுவிட்டது என்பதற்காக வரலாறும் அதனுடையதாகிவிடக் கூடாது. கப்பலுக்கு எதிரே முழு அளவில் ஒரு பாலோங்கைக் கட்டித் தண்ணீர் ஓட்டிக் காட்டவேண்டும். அதற்குத் தேவைப்படுவது மரமும் ஒரு பம்பும்தான்.

ஆறு தள்ளி இருக்கிறது என்றீர்கள். ரயில் வரும் முன் ஆறுதான் வழி. ஈயம் படகில் கிந்தாவில் இறங்கி, பேராக் ஆற்றில் சேர்ந்து, தெலுக் ஆன்சன் துறைக்குப் போகும். கிந்தாவில் படகு அதற்கு மேல் ஏற முடியாத இடத்தில் ஈப்போ நகரம் வளர்ந்தது. பிறகு லம்பங்களின் கழிவு மணல் ஆற்றின் அடியை உயர்த்தியது. படகோட்டம் நின்றது, வெள்ளம் கூடியது. சிலாங்கூரில் கோலா குபு என்ற ஈய ஊர் இப்படி மணலிலும் வெள்ளத்திலும் மாட்டி, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டுக்கு இடம் மாறியது. இன்றைய பெயர் கோலா குபு பாரு, அதாவது புதிய கோலா குபு.

தமிழர்கள்: லம்பங்களின் உழைப்பு பெரும்பாலும் சீனர்களுடையது. தமிழர்கள் ரயில் பாதையிலும் சாலையிலும் ரப்பர் தோட்டங்களிலும் இருந்தார்கள். ரயில்வேயின் குமாஸ்தாக்களிலும் நிலைய அதிகாரிகளிலும் யாழ்ப்பாணத்தார் பலர். ஐரோப்பிய நிறுவனங்களின் ஈயக்கப்பல்களில் மலாய்க்காரர்களோடு இந்தியர்களும் வேலைக்கு வந்தார்கள். கெல்லி மாளிகை ஈயத்தின் கதை அல்ல, தோட்டத்தின் கதை. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய கட்டடத்தில் தமிழர்கள் வேலை செய்தார்கள். விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி அந்தக் கோயில் எழுந்தது. கூரைமேல் சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட ஓர் உருவம் நிற்கும், அது ஸ்மித் என்பார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடியவே இல்லை.

மறுபடி போனால் பத்து காஜாவின் கிந்தா இயற்கைப் பூங்காவைப் பாருங்கள். பழைய ஈயக்குட்டைகளில் நாரைகள் கூடு கட்டுகின்றன. தஞ்சோங் துவாலாங்கின் பெரிய இறாலும் இத்தகைய குட்டைகளில் வளர்வதுதான். ஆனால் வேலியில்லாத குட்டையின் ஓரத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். கரை கொட்டிய மணல், திடீரென்று சரியும். காய்ந்தது போலத் தெரியும் சேற்றுப் படுகையும் மேலே ஒரு சாண்தான் கெட்டி, அதற்குக் கீழே கூழ்.