பத்தாவது ஆளு

கேள்வி: யூதர்கள் கூட்டுப் பிரார்த்தனைக்கு 10 பேர் கட்டாயம் வேணுமாமே, 9 பேர்னா ஆகாதாமே. இது ஆளைப் பாக்காம தலையை எண்ற வேலை இல்லையா சார்?

பதில்: நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பத்துக்கு மின்யான்னு பேரு. தனியா யார் வேணா பிரார்த்தனை பண்ணலாம், ஆனா இறந்தவங்களுக்காக சொல்ற கதீஷுக்கு மின்யான் வேணும். அப்பா தவறின ஒருத்தர் கதீஷ் சொல்ல வந்து நிக்கிறாருன்னு வைங்க, அவரையும் சேர்த்து உள்ள ஒன்பது பேரு, மத்த எட்டும் பெரிய பெரிய ரப்பிங்க, அதாவது யூத மதகுருங்க, ஒண்ணும் வேலைக்காகாது, தெருவுல போற செருப்பு தைக்கிற யூதர் ஒருத்தர் உள்ள வந்தா நடந்துரும். ஐரோப்பிய யூதர்களோட இத்திஷ் மொழில இதுக்குப் பழமொழியே உண்டு, ஒன்பது ரப்பி மின்யான் ஆகாது, பத்து செருப்பு தைக்கிறவங்க ஆகும்னு. (பழைய முறையை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்காரங்க 13 வயசு தாண்டின ஆம்பளைங்களை மட்டும்தான் இதுல சேப்பாங்க, அது எனக்கு உறுத்தத்தான் செய்யுது. சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம்ல பெண்களும் உண்டு.)

இன்னொண்ணு, ஆளுங்களை ஒண்ணு ரெண்டுன்னு எண்ற பழக்கமே அவங்ககிட்ட இல்ல. பைபிள்ல சங்கீதம் 28:9 ஹீப்ருல சரியா பத்து வார்த்தை, ஆளுக்கு ஒரு வார்த்தையா சொல்லிட்டே போவாங்க, கடைசி வார்த்தைக்கு ஆள் இருந்தா மின்யான் ரெடி. யாத்திராகமத்துலயும் ஜனத்தை எண்றப்ப தலைக்கு அரை சேக்கல் வெள்ளி வாங்கச் சொல்லியிருக்கு, பணக்காரன் கூடக் குடுக்கக் கூடாது, ஏழை குறைச்சுக் குடுக்கக் கூடாது.

அதுக்காக எல்லாரும் எல்லாரையும் சமமா நடத்தினாங்கன்னு சொல்லலை. யூதர்களோட பழைய சட்ட விளக்க நூலான தல்மூத்லயே ஒரு கதை இருக்கு. கம்லியேல் பெரிய தலைவர், ரப்பி யெகோசுவாவை சபையில எல்லாருக்கும் முன்னாடி நிக்க வெச்சு அவமானப்படுத்துறார், சபையே பொங்கி கம்லியேலைப் பதவியை விட்டு இறக்கிடுது. அப்புறம் கம்லியேல் மன்னிப்பு கேக்க யெகோசுவா வீட்டுக்குப் போறாரு, போனா சுவரெல்லாம் ஒரே கருப்பு. "சுவரைப் பாத்தா நீங்க கரி வேலை பண்றவர் போல"ங்கிறார். இத்தனை வருஷம் ஒரே சபையில உக்காந்த மனுஷன் கேக்கற கேள்வியா இது! யெகோசுவா சொல்றார், "உன்னைத் தலைவனா வெச்சிருக்கிற தலைமுறை பாவம்யா, படிச்சவங்க எப்படி வயித்தைக் கழுவுறாங்கன்னே உனக்குத் தெரியலையே." அதுக்கப்புறம் கம்லியேல் கேட்ட மன்னிப்பை அவர் காதுலயே வாங்கிக்கலை, எங்க அப்பா முகத்துக்காகவாவதுன்னு கெஞ்சின பிறகுதான் சமாதானம் ஆனார்.