பவர் டில்லர்: 13 ஹெச்பியா, 12 ஹெச்பியா?

வணக்கம் சகோ. மன்னார்குடி பக்கம் 3 ஏக்கரில் சேறடிக்க வி.எஸ்.டி சக்தி 130 பவர் டில்லர் (பின்னால் நடந்தபடி கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரம்) வாங்கவா, காம்கோ டில்லர் வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். முன்னது 13 ஹெச்பி, பின்னது 12. இரண்டும் ஒற்றை சிலிண்டர் டீசல்தான். நம் களிமண்ணில் அந்த ஒரு ஹெச்பி பெரிதாகத் தெரியாது, சேற்றில் ஓட மாட்டும் நல்ல கேஜ் வீல், அதாவது இரும்புக் கூண்டுச் சக்கரம்தான் முக்கியம்.

அப்புறம், திருப்புவது. சமதளத்தில் கைப்பிடியில் உள்ள இடது கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். வாய்க்கால் கரையில் இறங்கும்போது அதையே பிடித்தால் வலப்பக்கம் ஓடும்! என் தம்பி வாடகை டில்லரோடு அப்படித்தான் வாய்க்காலில் விழுந்தான், நல்லவேளை கால் தப்பியது. இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியாலேயே திருப்புங்கள்.

உங்கள் ஊரில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். சம்பா நடவு நேரத்தில் ஒரு பெல்ட்டுக்காகத் தஞ்சாவூர் வரை ஓட முடியாது.